உலகக் கால்பந்து வரலாற்றில் எந்தத் தேசிய அணி மிகச் சிறந்தது?

கோப்பைகளின் எண்ணிக்கையை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், 1954 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் மேற்கு ஜெர்மனியிடம் 3-2 என்று தோற்ற ஹங்கேரியைப் பேச்சிலேயே சேர்க்க முடியாது. ஆனால் முந்தைய ஆண்டு வெம்ப்ளியில் இங்கிலாந்தை 6-3 என்று திணறடித்த அணியும் அதுவே.

என் தேர்வு 1970-ஆம் ஆண்டின் பிரேசில். மெக்சிகோவில் நடந்த உலகக் கோப்பையில் ஆடிய ஆறு ஆட்டங்களையும் வென்று 19 கோல்கள் அடித்த அந்த அணியின் இயல்பை, இத்தாலிக்கு எதிரான இறுதியாட்டத்தின் நான்காவது கோல் ஒன்றே காட்டிவிடும். தன் பாதியிலேயே குளோடோவால்டோ நான்கு பேரை ஏமாற்றிக் கடக்க, ரிவெலினோ, ஜைர்சின்யோ வழியாகப் பெலேவிடம் வந்த பந்தை, அவர் சற்றும் பதறாமல் வலப்புறம் உருட்டிவிட, ஓடிவந்த கார்லோஸ் அல்பெர்டோ ஒரே உதையில் வலைக்குள் செலுத்தினார். ஏழு கோல்களை வாங்கிய தற்காப்பு அப்பழுக்கற்றது என்று நான் சொல்லமாட்டேன்.

தற்காப்பில் ஸ்பெயினுக்கே முதலிடம்: 2008 யூரோ (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை), 2010 உலகக் கோப்பை, 2012 யூரோ ஆகிய மூன்றையும் வென்றபோது, வெளியேற்றச் சுற்றுகளின் பத்து ஆட்டங்களிலும் அது ஒரு கோல்கூட வாங்கவில்லை. எனினும் 2010-இல் ஏழு ஆட்டங்களில் எட்டே கோல்கள் அடித்த அணியைப் பிரேசிலுக்கு மேலே வைக்க எனக்கு மனம் வரவில்லை.