கரைவலைப் பங்கும் அக்காவின் ஐந்தாம் வகுப்பும்

வளரும் நாட்டில் மக்கள்தொகை வேகமாகப் பெருகினால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். தேர்வுக்குப் படிக்கிறவர் என்று நினைக்கிறேன். வேலையின்மை, இடநெருக்கடி, வறுமை என்று எண் போட்டு உங்கள் புத்தகத்திலேயே இருக்கும், மதிப்பெண்ணுக்கு அது போதும். நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை. மண்டபம் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ஆனால் ஏழு பிள்ளைகள் இருந்த வீட்டில் நாலாவதாகப் பிறந்தவன்.

அப்பா தென்கடலில் கரைவலை இழுத்தவர். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: வள்ளத்தில் போய் வலையை வளைத்துப் போட்டுவிட்டு வந்ததும், கரையில் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கயிற்றை இழுப்பார்கள். வலையின் பை போன்ற மடியில் நெத்திலியோ காரலோ சூடையோ எந்த மீன் வந்தாலும் விற்று, வலைக்காரர் பங்கு போக மிச்சத்தை இழுத்தவர்களுக்குப் பிரிப்பார்கள். எங்கள் கரையில் கயிறு பிடிக்கும் பையனுக்கு அரைப்பங்கு. நாலு பையன் இருந்தால் வீட்டுக்கு இரண்டு பங்கு கூடுதல், அவ்வளவுதான். எங்களுக்கு முன்னால் அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. அதனால் "ஏன் இத்தனை பெத்தாங்க?" என்று யாராவது சிரித்துக்கொண்டே கேட்டால் எனக்கு இன்னும் கோபம் வரும். அவர்கள் கணக்கு அவர்களுக்குச் சரியாகத்தான் இருந்தது.

சிக்கல் என்னவென்றால் எல்லா வீட்டிலும் அதே கணக்கு. பெரியம்மை ஒழிந்தது, ஆஸ்பத்திரி வந்தது, பிள்ளைகள் தங்க ஆரம்பித்தன. ஆனால் இனி இத்தனை வேண்டாம் என்ற நம்பிக்கை வர ஒரு தலைமுறை பிடித்தது. நீங்கள் கேட்கும் 'வேகம்' அந்த இடைவெளியில் வந்ததுதான். 1951இல் நாட்டில் 36 கோடிப் பேர், 2011இல் 121 கோடி. சோற்றுக்கே வழியிருக்காது என்று பயமுறுத்தினார்கள், அப்படி ஆகவில்லை. அதே காலத்தில் தானிய விளைச்சல் சுமார் 5 கோடி டன்னிலிருந்து 24 கோடி டன்னைத் தொட்டுவிட்டது. நெல்லைக் கூட்டி விளைவிக்கலாம், எங்கள் ஊரில் தண்ணீரை என்ன செய்வது?

அப்போது எங்களுக்குக் குடிக்க மணலில் தோண்டிய ஊத்துதான். சிரட்டையால் மொண்டு ஊற்றி ஒரு குடம் நிறைய முக்கால் மணி நேரம் ஆகும். அது ஊறுகிற வேகத்தில்தான் ஊறும், வரிசையில் குடம் மட்டும் வருஷா வருஷம் கூடிக்கொண்டே போனது. பெரிய அக்கா விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து போவாள், திரும்பி வந்து குடத்தை இறக்கியதும் இடுப்பில் கடைக்குட்டி ஏறிக்கொள்வான். பள்ளிக்கூடத்தை நிறுத்து என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. ஐந்தாம் வகுப்பில் ஒரு வாரம் போகவில்லை, அடுத்த வாரமும் முடியவில்லை, அப்புறம் போகவே இல்லை. வகுப்பில் வாய்ப்பாட்டுக்கு அவள்தான் முதல் என்று அவளோடு படித்தவர்கள் இன்றும் சொல்வார்கள். நான் பி.காம். முடித்தேன்.

நாட்டுக்கும் இதேதான் நடக்கிறது என்று எனக்குப் படுகிறது. பள்ளிக்கூடம், குழாய், வேலை எதையும் கட்டி முடிப்பதற்குள் அடுத்த கூட்டம் வாசலில் வந்து நிற்கும். சம்பாதிப்பவர்களைவிட வளர்க்க வேண்டிய பிள்ளைகள் அதிகமாக இருக்கும்போது யாராவது விட்டுக்கொடுக்க வேண்டும், பெரும்பாலும் அது மூத்த பெண்ணாகத்தான் இருக்கும்.

உடனே கட்டாயக் கருத்தடைதான் தீர்வு என்று கிளம்பி வராதீர்கள். 1975–77 எமர்ஜென்சியில் (நெருக்கடி நிலையில்) வடக்கே அதைச் செய்து என்ன ஆனது என்று தெரியும். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 பிள்ளை என்று 2019–21 குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. பெண் பிள்ளைகள் படித்தார்கள், சத்துணவு கிடைத்தது, பிறந்த குழந்தை பிழைத்தது, எண்ணிக்கை தானாகக் குறைந்தது. மீன் குறைந்ததையும் எங்கள் பிள்ளைகள் தலையில் கட்டாதீர்கள், விசைப்படகு இழுத்துப் போகும் இழுவைமடி வலை வந்து குஞ்சுமீனையும் சேர்த்து அரித்துவிட்டது. (என் தம்பியே விசைப்படகில்தான் போகிறான், அது வேறு கதை.)

தம்பி என்றதும் ஞாபகம் வருகிறது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அதற்கு நிவாரணம் குடும்பத்துக்கு ஒன்று. கல்யாணமான இரண்டு தம்பிகள் ஒரே கூரையில், ஒரே ரேஷன் கார்டில் இருக்கிறார்கள். கார்டைப் பிரித்துக் கொடுங்கள் என்று மூன்று முறை மனு கொடுத்தாயிற்று, ஒவ்வொரு முறையும் "தனி அடுப்பு இருக்கா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். இடம் வாங்கக் காசிருந்தால் தனி அடுப்பு வைத்திருக்க மாட்டார்களா? சரி, கேள்விக்குச் சம்பந்தமில்லை, விடுங்கள்.

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுக்கு இரண்டே பிள்ளைகள், மகள் நர்சிங் முடித்துவிட்டாள். வாசலில் காவிரித் தண்ணீர்க் குழாய் இருக்கிறது, தண்ணீர் வருகிற நாளில் வரும், வராத நாளுக்குத் தள்ளுவண்டியில் ஆறு குடம் தயாராக நின்றது. நான் போனபோது திண்ணையில் உட்கார்ந்து பேரனுக்குப் பதினாறாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். புத்தகம் அவன் கையில்தான் இருந்தது.