பூமியின் கந்தகம் எங்கே போனது?

பூமிக்குள் இருக்கும் கந்தகம் பற்றி நம் வாசகர்கள் கேட்டவற்றுக்குப் பதில்கள்.

உயர்தர மாணவி, நல்லூர்: சேர், பூமியின் கருவில் கந்தகம் இருக்கிறதென்று தோண்டாமல் எப்படிச் சொல்கிறார்கள்?

புவிநடுக்க அலைகளை வைத்துத்தான், பிள்ளை. அவை வெளிக்கருவைக் கடக்கும் வேகத்தைப் பார்த்தால், அங்கே இருப்பது தூய இரும்பைவிட அடர்த்தி குறைந்த திரவம். 1952இல் அமெரிக்கப் புவிப்பௌதிகவியலாளர் பிரான்சிஸ் பேர்ச் இதை அழுத்தமாக எடுத்துக்காட்டினார். அப்படியென்றால் இரும்போடு இலேசான மூலகம் ஏதோ கலந்திருக்க வேண்டும். சிலிக்கன், ஒட்சிசன், காபன், ஐதரசன் எல்லாவற்றுக்கும் வாய்ப்பு உண்டு. கந்தகத்தின் பக்கம் பேசுபவை விண்கற்கள். இரும்பு விண்கல் ஒன்றை அறுத்து மெருகேற்றினால், வெள்ளி போல மின்னும் உலோகத்துக்குள் வெண்கல நிறத்தில் உருண்டை முடிச்சுகள் தெரியும். அவை இரும்பும் கந்தகமும் சேர்ந்த திரொயிலைற்று. இப்படியான கற்களில் பல, உடைந்துபோன சிறுகோள்களின் கருத் துண்டுகள்.

பூமியின் கருவில் கந்தகம் ஏறக்குறைய 2 வீதம் என்பது பரவலான கணிப்பு. அடர்த்திக் குறைவு முழுவதற்கும் அது தனியே காணாது. ஆனால் கரு பூமியின் திணிவில் மூன்றில் ஒரு பங்கு. அதைச் சூழ்ந்த மூடகப் பாறையிலோ கிலோவுக்குக் கால் கிராம் கந்தகம்கூட இராது. கணக்குப் போட்டுப் பாருங்கள், பூமியின் கந்தகம் ஏறத்தாழ எல்லாமே கருவுக்குள்தான்.

தோட்டக்காரர், சுன்னாகம்: வெங்காயத்துக்குப் போடும் கந்தகமும் அங்கிருந்துதான் வருகிறதா?

இல்லை அண்ணை. கருவுக்குள் போனது போனதுதான். வெங்காயம் உரிக்கும்போது கண்ணை எரிப்பது மேலே மிஞ்சிய சொற்பத்தில் ஒரு துளி. இன்று சந்தைக்கு வரும் கந்தகத்தில் பெரும்பகுதி எண்ணெய், எரிவாயு சுத்திகரிப்பில் பிரித்தெடுப்பது.

ஒரு வாசகர், சாவகச்சேரி: திருகோணமலையின் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு எரிமலைக் கந்தகமா காரணம்?

இல்லை. இலங்கையில் உயிருள்ள எரிமலையே கிடையாது. ஆழத்துக்கு இறங்கிய மழைநீர் சூடாகி மேலே வருகிறது.

ரீச்சர், பருத்தித்துறை: கந்தகம் இருப்பதால் கருவுக்கு என்ன வித்தியாசம்?

பெரிய வித்தியாசம், ரீச்சர். சாதாரண அமுக்கத்தில் இரும்பு 1538 பாகை செல்சியசில் உருகும். இரும்பும் கந்தகமும் சேர்ந்த இரும்புச் சல்பைட்டுடன் சரியான அளவில் சேர்ந்தால் 988 பாகையே போதும். அதனால் இளம் கோள் ஒன்று சூடேறும்போது இந்தக் கலவை முதலில் உருகி அடியில் இறங்கும். அப்புறம் ஆறும்போதும் கடைசிவரை திரவமாகவே நிற்கும். 2018இல் செவ்வாயில் இறங்கிய இன்சைற் கலம் அங்கே உருகிய கரு இருப்பதைக் காட்டியது. அதில் கந்தகம் நம்முடையதைவிட நிறைய என்றே கருதுகிறார்கள். ஆனாலும் செவ்வாயின் காந்தப்புலம் ஏறக்குறைய 400 கோடி ஆண்டுகளுக்கு முன்பே நின்றுவிட்டது. காந்தப்புலம் உண்டாகக் கரு உருகிக் கிடந்தால் மட்டும் காணாது, அந்தத் திரவம் புரண்டுகொண்டே இருக்க வேண்டும். பூமியில் உட்கரு உறையும்போது வெளியே தள்ளப்படும் இலேசான மூலகங்கள் மேலெழுந்து அந்த வேலையைச் செய்கின்றன.

மாணவன், கொக்குவில்: எல்லாக் கோளிலும் கந்தகம் கருவுக்குத்தான் போகுமா?

புதனைப் பார், தம்பி. 2011இலிருந்து அதைச் சுற்றிய மெசெஞ்சர் கலம், மேற்பரப்பிலேயே 4 வீதம் வரை கந்தகம் கண்டது. ஒட்சிசன் பற்றாத இடத்தில் கந்தகம் இரும்பை விட்டுவிட்டு உருகிய பாறையோடு கரைந்துவிடும். புதன் உருவான சூழல் அப்படிப்பட்டது.