பீப் சத்தம் கேட்டா கணக்கு சரியாயிடுமா?

கேள்வி: அண்ணே, சுங்கை சிப்புட்டுல எங்க அப்பா காலத்துலேர்ந்து மளிகைக் கடை வச்சிருக்கோம். சுத்தி இருக்கிற தோட்டத்து ஆளுங்கதான் வாடிக்கை, பாதிப் பேருக்கு 555 புக்குலதான் (கடன் எழுதுற சின்ன நோட்டு) கணக்கு. போன தீபாவளிக்கு முன்னாடி கம்பூட்டர், ஸ்கேனர் எல்லாம் போட்டோம். இப்ப பாத்தா கம்பூட்டர்ல தக்காளி சார்டின் 31 டின்னுன்னு காட்டுது, ராக்குல 9 தான் இருக்கு. பால் டின்னுக்கு மைனஸ் 40ன்னு காட்டுது, ஆனா கண்ணு முன்னாடி அடுக்கி வச்சிருக்கு. மெஷின் கோளாறா, இல்ல கடைப் பையன் கை வைக்கிறானா? (சுங்கை சிப்புட் கடைக்காரர்)

பதில்: தம்பி, பையன் மேல பழி போடாதீங்க, பாவம். மொதல்ல ஒண்ணு பண்ணுங்க, சாயந்தரம் தோட்டத்து ஆளுங்க திமுதிமுன்னு வர்ற நேரமா பாத்து கல்லா பக்கத்துல ஒரு ஸ்டூல் போட்டு சும்மா உக்காருங்க. ஒரு அம்மா வந்து ரெண்டு சார்டின், ஒரு பாக்கெட் சீனி எடுப்பாங்க, "புக்குல எழுதிக்க தம்பி"ன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க, பையனும் 555 புக்கை எடுத்து கடகடன்னு எழுதிப்பான். ஸ்கேனர் எங்க? அது பாட்டுக்கு ஓரமா கெடக்கும். காசு கொடுத்து வாங்குறது மட்டும் பீப் அடிக்குது, கடனுக்குப் போறது அடிக்கல, அப்புறம் கம்பூட்டருக்கு எப்படித் தெரியும் சாமான் வெளிய போச்சுன்னு? உங்க கணக்குல உதைக்கிற 22 டின்னுல முக்காவாசி அந்தப் புக்குலதான் இருக்கும், எடுத்து எண்ணிப் பாருங்க. 555 புக்கை நிறுத்தச் சொல்லல, நிறுத்துனா வாடிக்கை அடுத்த கடைக்குப் போயிடும். கடனா இருந்தாலும் ஸ்கேன் பண்ணி அந்த ஆள் பேர்ல பில் போடுங்க, அப்புறம் புக்குலயும் எழுதிக்குங்க, அவங்களுக்கு அது கையில இருந்தாத்தான் நிம்மதி.

பால் டின் கதை வேற. நான் சின்ன வயசுல ஒரு மொத்த வியாபாரக் கடையில ஸ்டோர் பாத்தேன், இதே கூத்துதான் அங்கயும். பெட்டி மேல இருக்கிற பார்கோடு வேற, டின் மேல இருக்கிற கோடு வேற. டின்னுல 13 நம்பர் இருக்கும், அட்டைப் பெட்டியில பெரும்பாலும் 14 நம்பர், கோடும் தடிமனா இருக்கும், மட்டமான அட்டையில அடிச்சாலும் படிக்கணும்ல அதுக்கு. லோரியிலேர்ந்து எறங்குனதும் பையன் பெட்டியை ஸ்கேன் பண்றான், கம்பூட்டர் "ஒண்ணு வந்துச்சு"ன்னு எழுதிக்குது, ஒரு பெட்டின்னா 48 டின்னுன்னு நீங்க அதுக்குச் சொல்லிக் கொடுக்கலல்ல. அப்புறம் டின் டின்னா வித்தா மைனஸ் போகாம என்ன பண்ணும்! சாப்ட்வேர்ல ஒவ்வொரு பெட்டி நம்பரையும் டின் நம்பரோட சேத்து, ஒரு பெட்டிக்கு எத்தனைன்னு ஒரு தடவை போட்டு வச்சா முடிஞ்சுது.

இன்னொண்ணு, கல்லாவுல இருக்கிற பிள்ளைங்க பண்ற வேலை. ஆள் அஞ்சு மீ (நூடுல்ஸ்) பாக்கெட் எடுக்குறாரு, ரெண்டு கோழி ருசி, மூணு கறி ருசி, விலை ஒண்ணுதானேன்னு கோழியை மட்டும் அடிச்சு அஞ்சுன்னு தட்டிடுவாங்க. காசு சரியா இருக்கும், ராத்திரி கல்லா ஒரு சென் கூடப் பிசகாது, ஆனா ஸ்டோக்குல கோழி மூணு கம்மியாவும் கறி மூணு கூடவும் காட்டும், அதை நம்பி நீங்க கோழிக்கு ஆர்டர் போடுவீங்க, கறி தீந்து ஆள் திரும்பிப் போவாரு. ஒவ்வொண்ணா அடிக்கச் சொல்லுங்க.

அந்தக் கோட்டுல விலையும் கெடையாது, எத்தனை இருக்குன்னும் கெடையாது, எப்ப கெட்டுப் போகும்னும் கெடையாது. வெறும் பேர்தான், நம்பரா எழுதுன பேர். ஸ்கேனர்ங்கிறது வேகமா டைப் அடிக்கிற ஒரு ஆள் மாதிரி, நம்பரைத் தட்டி எண்டரும் தட்டிடும், அவ்ளோதான். மத்ததெல்லாம் நீங்க உள்ள போட்டு வச்சது. அதனால தேதி பாக்கிறது இன்னும் உங்க கண்ணுதான், பழசை முன்னாடி தள்ளி புதுசைப் பின்னாடி அடுக்குங்க. கியூஆர் மாதிரி சதுரக் கோட்டுல தேதியும் லாட் நம்பரும் (எந்தத் தடவை செஞ்சதுன்னு காட்டுற நம்பர்) சேத்து வைக்கலாம், 2027 முடியறதுக்குள்ள கடைகள்ல அதைப் படிக்கிற ஸ்கேனர் இருக்கணும்னு ஜிஎஸ்1, அதான் பார்கோடு நம்பர் ஒதுக்குற உலக அமைப்பு, சொல்லிக்கிட்டிருக்கு, ஆனா அதுக்காக இப்பவே ஓடிப் போய் மெஷினை மாத்தாதீங்க.

புளி, பருப்பு, கருவாடு நீங்களே பாக்கெட் போட்டா 20லேர்ந்து 29க்குள்ள ஆரம்பிக்கிற நம்பர் வச்சுக்கலாம், அது கடைக்குள்ள மட்டும் புழங்குறதுக்குன்னே ஒதுக்குனது. ஒட்டுற லேபிளு சூடு பட்டா கறுக்கிற காகிதமா இருந்தா கடை வாசல் அஞ்சடியில வெயில் படுற பக்கம் வைக்காதீங்க, கொஞ்ச நாள்ல மங்கிடும். ஸ்டோக் நேரானதும் ஆர்டர் கணக்கு தானா வரும்: தினம் 8 டின் போகுது, லோரி 7 நாளுக்கு ஒரு தடவை வருதுன்னா 56, சம்பளம் போடுற வாரத்துக்கு ஒரு 16 கூட வைங்க, 72க்குக் கீழ போனா ஆர்டர். முழுக் கடையையும் ஒரே நாள்ல எண்ண வேணாம், தினம் ஒரு ராக் எண்ணுங்க போதும்.

கேள்வி: ஐயா, வீட்டுல முறுக்கு, ஓமப்பொடி செஞ்சு பாசார் மாலாம்ல (ராத்திரிச் சந்தை) விக்கிறேன். ஈப்போவுல ஒரு சூப்பர்மார்க்கெட்டுல கேக்குறாங்க, ஆனா பார்கோடு வேணுமாம். போன்ல ஒரு ஆப்புல சும்மாவே கோடு போடலாம்னு மகன் சொல்றான், போடலாமா? (முறுக்கு வியாபாரி, பேராக்)

பதில்: கோடு போடுறது சும்மாதாம்மா, நம்பர்தான் சும்மா கெடைக்காது. மகன் இஷ்டத்துக்கு ஒரு நம்பர் போட்டு அது ஏற்கெனவே யாரோட ஷாம்புக்கோ இருந்துச்சுன்னா, உங்க முறுக்கை வச்சதும் கல்லாவுல ஷாம்புன்னு வரும். ஜிஎஸ்1 மலேசியாவுல காசு கட்டி மெம்பரானா உங்களுக்குன்னு நம்பர் வரும். 200 கிராமுக்கு ஒண்ணு, 500 கிராமுக்கு வேற ஒண்ணு, ஓமப்பொடிக்குத் தனி. பாசார் மாலாமுக்கு மட்டும்னா இந்தச் செலவே வேணாம்.

மங்களகரமா இருக்கட்டும்னு செவப்புல கோடு அடிச்சிடாதீங்க, ஸ்கேனரோட வெளிச்சமே செவப்பு, அதுக்கு செவப்புக் கோடும் வெள்ளைக் காகிதமும் ஒண்ணாத்தான் தெரியும். வெள்ளையில கறுப்பு, ரெண்டு பக்கமும் கொஞ்சம் காலி இடம், பிளாஸ்டிக் பையோட மடிப்புல வரக்கூடாது.

கேள்வி: பார்கோடு நம்பர் 955ல ஆரம்பிச்சா மலேசியாவுல செஞ்சதுன்னு வாட்சப்புல வருதே, உண்மையா? கடைசி நம்பர் எதுக்கு? (படிவம் 4 மாணவி)

பதில்: இல்லம்மா. நம்பர் வாங்குன கம்பெனி மலேசியாவுல பதிஞ்சிருக்குன்னுதான் அர்த்தம், சாமான் எங்கயும் செஞ்சிருக்கலாம். இந்தியாவுக்கு 890, தாய்லாந்துக்கு 885, அதுவும் அப்படித்தான்.

கடைசி நம்பர் காவக்காரன். சும்மா ஒரு நம்பர் எடுத்துப்போம், 955123456789. ஒண்ணு, மூணு, அஞ்சுன்னு ஒத்தை இடத்துல இருக்கிறதைக் கூட்டுனா 34. ரெட்டை இடத்துல இருக்கிறது 30, அதை மூணால பெருக்குனா 90. மொத்தம் 124, அடுத்த பத்து 130, குறையறது 6, அதுதான் பதிமூணாவது நம்பர். ஏதாவது ஒரு நம்பர் தப்பாப் படிச்சா கணக்கு ஒதைக்கும், பீப் வராது. ஆனா பக்கத்து பக்கத்துல இருக்கிற 1உம் 6உம் இடம் மாறிட்டா இந்தக் காவக்காரன் கண்டுபிடிக்க மாட்டான், ஏன்னு நீயே போட்டுப் பாரு, நோட்டும் பேனாவும் இருந்தா அஞ்சு நிமிஷ வேலை.