பெர்மிற் காணியை அப்பா பங்கிட்டு எழுதித் தந்த ஒற்றை செல்லுமா?

கேள்வி: எங்கள் அப்பா 1950களின் நடுப்பகுதியில் வடமராட்சியிலிருந்து கிளிநொச்சி மாவட்டத்துக் குடியேற்றத் திட்டமொன்றுக்கு வந்து, காடு வெட்டி, கட்டை பிடுங்கி, மூன்று ஏக்கர் வயலும் ஒரு ஏக்கர் மேட்டுக்காணியும் பெர்மிற்றில் (அரசு வழங்கும் அனுமதிப்பத்திரத்தில்) பெற்றவர். 2009 இல் தம்பியை இழந்தோம். மீள்குடியேறிய பின், 2011 இல், அப்பா ஒரு கொப்பி ஒற்றையில் தன் பங்கீட்டை எழுதி, இரண்டு அயலவர் சாட்சியாக நிற்கக் கையெழுத்திட்டார். வயலில் சரிபாதி அண்ணனுக்கு, சரிபாதி எனக்கு. மேட்டுக்காணியில் பாதி தம்பியின் மனைவிக்கு, வீடுள்ள மறுபாதி அம்மாவைப் பார்ப்பவருக்கு. வடமராட்சியில் அவருக்கு முதுசமாக வந்த எட்டுப் பரப்புத் தோட்டக்காணி மூன்று பிள்ளைகளுக்கும் சமம். 2015 இல் அப்பா காலமானார். 84 வயதான அம்மா என்னுடன் அதே வீட்டில் இருக்கிறார். இப்போது அண்ணனின் மகன், 1978 இல் அப்பப்பா தன் தந்தையைத்தான் பின்னுரித்தாளராக (தனக்குப் பிறகு காணியைப் பெறுபவராக) நியமித்தார் என்றும், ஆகவே நான்கு ஏக்கரும் தங்களுடையது என்றும் சொல்கிறார். தம்பியின் மனைவியான மச்சாளின் வேலியைப் பிடுங்கச் சொல்கிறார். நான் 2011 முதல் என் பங்கை விதைத்து வருகிறேன். கமநல சேவை நிலைய இடாப்பிலும் என் பெயர்தான் இருக்கிறது. பத்து வருட ஆட்சி என்று வழக்குப் போடலாமா? அண்ணன் அப்பாவின் சொல்லை மதிப்பவர். ஆனால் மகனுக்கு முன்னால் பேசமாட்டார்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பிய ஒற்றையின் படத்தைப் பலமுறை வாசித்தேன். வாய்க்காலுக்கு மேற்கே மகனுக்கு, கிழக்கே மகளுக்கு என்று எழுதியதோடு நில்லாமல், சிறுபோகத்தில் தண்ணீர் குறைந்தால் மடையை யார் எந்த நாளில் திறப்பது என்றும் உங்கள் தந்தை எழுதியிருக்கிறார். பிள்ளைகள் எந்த இடத்தில் சண்டை பிடிப்பார்கள் என்று நன்றாகத் தெரிந்த ஒருவர் எழுதிய பங்கீடு அது. அதனால்தான் அடுத்த வரியை எழுத எனக்கு மனம் வரவில்லை: பெர்மிற் காணியைப் பொறுத்தவரை அந்த ஒற்றைக்குச் சட்டவலு இல்லை.

காரணத்தை விளக்கமாகச் சொல்கிறேன். உங்கள் தந்தை விட்டுச் சென்றவை இரண்டு வகையான சொத்துக்கள். அவற்றை ஆள்வன இரண்டு வேறு சட்டங்கள். வடமராட்சித் தோட்டக்காணி உறுதிக்காணி, அதாவது தனியார் காணி. வன்னியில் குடியேறியதால், யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை அவரை விட்டுப் போய்விடவில்லை; முதுசமாக வந்த அந்தக் காணி, 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி பிள்ளைகளுக்குச் சம பங்காக இறங்கும்; இறந்துபோன தம்பியின் பங்கு அவருடைய மகனுக்குச் சேரும். தந்தை எழுதியதும் சட்டம் சொல்வதும் இங்கே ஒன்றாகவே இருப்பதால் அந்த எட்டுப் பரப்பைப் பற்றி நீங்கள் கவலைப்படத் தேவையில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். உங்கள் பங்கை எப்போதாவது விற்கவோ எழுதிக் கொடுக்கவோ நினைத்தால் நொத்தாரிசு அதைக் கேட்பார்.

கிளிநொச்சிக் காணியின் நிலை வேறு. அது 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்த காணி. 1927 இல் நியமிக்கப்பட்ட காணி ஆணைக்குழுவின் சிந்தனையிலிருந்து பிறந்த அந்தச் சட்டத்தின் நோக்கம், குடியேறிய கமக்காரனின் காணி கடன்காரனிடம் போகாமலும், தலைமுறைக்குத் தலைமுறை துண்டு துண்டாகி வரம்பு மட்டும் மிஞ்சாமலும் காப்பது. நோக்கம் நல்லதே. ஆனால் அதற்காகச் சட்டம் தேர்ந்த வழி, வழக்கமான வாரிசுரிமையை அந்தக் காணியிலிருந்து முற்றாக விலக்குவது. மரணசாசனம் எழுதாமல் ஒருவர் இறந்தால் சொத்து எப்படி இறங்கும் என்று கூறும் வேறெந்தச் சட்டமும் இந்தக் காணிகளுக்குப் பொருந்தாது என்று அதன் 170 ஆம் பிரிவு சொல்கிறது. தேசவழமையின் சம பங்கு அங்கே நுழைய முடியாது.

அப்படியானால் காணி யாருக்கு? இன்றைக்கு உங்கள் அம்மாவுக்கு. இதை அண்ணனின் மகனும் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். பெர்மிற்காரர் இறந்தால், பின்னுரித்தாளராக வேறொருவர் பெயர் பதியப்பட்டிருந்தாலும், உயிரோடிருக்கும் கணவன் அல்லது மனைவியே முதலில் உரித்தடைகிறார் என்பதே 48அ பிரிவின் சாரம். மரணம் நிகழ்ந்து ஆறு மாதத்துக்குள் அவர் காணியின் ஆட்சியை ஏற்க வேண்டும். உங்கள் அம்மா அந்த வளவை விட்டு ஒருநாளும் போகவில்லை என்பதால் அந்த நிபந்தனை நிறைவேறிவிட்டது. ஆகவே மச்சாளின் வேலியைப் பிடுங்கவோ, உங்களை வயலில் இறங்கவேண்டாம் என்று சொல்லவோ இன்று அண்ணனுக்கே உரிமையில்லை; அவர் மகனுக்கு எங்கிருந்து வரும்? அம்மாவின் அனுமதியோடு நீங்கள் விதைக்கிறீர்கள், அம்மாவின் அனுமதியோடு மச்சாள் குடியிருக்கிறார்.

ஆனால் அம்மாவின் உரிமைக்கு எல்லை உண்டு. அவர் அந்தக் காணியை விற்கவோ, நன்கொடையாக எழுதவோ, புதிதாக ஒரு பின்னுரித்தாளரை நியமிக்கவோ முடியாது. அவருக்குப் பிறகு காணி, உங்கள் தந்தை நியமித்தவருக்கே போகும். 2011 ஒற்றை அந்த நியமனத்தை ஏன் மாற்றவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நியமனமோ அதன் இரத்தோ உரிய படிவத்தில், மூன்று பிரதிகளில், சட்டம் குறிப்பிடும் அலுவலர் ஒருவர் முன்னிலையில் செய்யப்பட்டு, பெர்மிற்காரர் உயிரோடிருக்கும்போதே காணிப் பதிவகத்தில் பதியப்பட்டிருக்க வேண்டும். உங்கள் தந்தை 2011 இல் பிரதேச செயலகத்துக்கு ஒருமுறை போயிருந்தால், குறைந்தபட்சம் பின்னுரித்தாளரை மாற்றவாவது முடிந்திருக்கும். அதை ஒரு மரணசாசனம் என்றும் வாதிட இயலாது: இலங்கையில் மரணசாசனம் நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளுடன், அல்லது நொத்தாரிசு இல்லையெனில் ஐந்து சாட்சிகளுடன் கையொப்பமிடப்பட வேண்டும். உங்கள் ஒற்றையில் இருப்பது இரண்டு அயலவர்.

பத்து வருட ஆட்சி பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். தனியார் காணியில் அந்த வாதம் நிற்கலாம். பெர்மிற்றிலோ, அதற்கு அடுத்த படியாக அரசு தரும் உரித்துப் பத்திரமான அளிப்பிலோ கொடுத்த காணியில் எத்தனை ஆண்டு ஆண்டாலும், அரசுக்கு எதிராகவோ வேறெவருக்கும் எதிராகவோ ஆட்சியுரிமை பிறக்காது என்று 161 ஆம் பிரிவு நேராகவே சொல்கிறது. கமநல இடாப்பில் உங்கள் பெயர் இருப்பது நீங்கள் விதைத்தீர்கள் என்பதற்குச் சான்று. காணி உங்களுடையது என்பதற்கு அல்ல. இதைச் சொல்லி வழக்குப் போட்டால், சட்டத்தரணிக் கட்டணமும் உடன்பிறப்பின் உறவும் சேர்ந்தே செலவாகும். தயவுசெய்து போடவேண்டாம்.

மச்சாளின் நிலைதான் என்னை அதிகம் வருத்துகிறது. அவர் இந்திய வீட்டுத் திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபாய் உதவி பெற்று அந்த அரை ஏக்கரில் வீடு கட்டியிருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டுக்கு உதவி கிடைத்ததால் காணிக்கும் உரித்துக் கிடைத்துவிட்டது என்று ஆகாது. பின்னுரித்தாளராக நியமிக்கத்தக்க உறவினர் பட்டியலில் மகன், மகள், பேரன், பேத்தி, சகோதரர் என்று பலர் இருக்கிறார்கள், மருமகள் இல்லை. உங்கள் தந்தை விரும்பியிருந்தாலும் அவரை நியமித்திருக்க முடியாது, அவருடைய மகனை நியமித்திருக்கலாம். கணவனை இழந்து, தன் கையால் கல் அரிந்து கட்டிய வீட்டில் இருக்கும் ஒரு பெண்ணுக்குச் சட்டத்தில் இவ்வளவுதான் இடம் என்பதை நான் ஏற்றுக்கொண்டதே இல்லை. ஆயினும் சட்டம் இன்று அப்படித்தான் இருக்கிறது, அதற்குள்தான் வழி தேட வேண்டும்.

வழி இருக்கிறது, அது அண்ணன் வழியாகவே போகிறது. முதலில் பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்குப் போய், பெர்மிற் இடாப்பில் உங்கள் தந்தையின் பக்கத்தைப் பார்க்க விண்ணப்பியுங்கள். உங்கள் மூலப் பெர்மிற் 2009 இல் தொலைந்திருந்தாலும் அலுவலகப் பிரதியும் கோப்பும் இருக்கக்கூடும். 1978 நியமனம் அங்கே எழுதப்பட்டிருப்பது மட்டும் போதாது, அது காணிப் பதிவகத்தில் பதியப்பட்டதா என்பதையும் தேடிப் பாருங்கள். இடாப்பில் எழுதிவிட்டுப் பதிவகத்துக்கு அனுப்பாமல் விட்ட நியமனங்களை என் அனுபவத்தில் கண்டிருக்கிறேன். பதியப்படவில்லை என்றால் அந்த நியமனம் செல்லாது, காணி அம்மாவுக்குப் பிறகு சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி இறங்கும். அந்த அட்டவணையில் மகளுக்கு முன் மகன் என்றிருந்த வரிசை 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தில் எடுக்கப்பட்டது. அந்த நிலையில் உங்கள் கேள்வியே வேறாகிவிடும். பதிவகத்தின் தேடுதல் அறிக்கையுடன் எனக்கு மீண்டும் எழுதுங்கள்.

நியமனம் பதியப்பட்டிருந்தால் செய்ய வேண்டியது இது. பெர்மிற் நிபந்தனைகள் நிறைவேறியிருக்கும் பட்சத்தில், அம்மாவின் பெயரில் அளிப்புப் பத்திரம் பெற இப்போதே விண்ணப்பியுங்கள். பெர்மிற்காக இருக்கும்வரை காணியை எவரும் கைமாற்ற முடியாது. அளிப்பான பிறகு அதன் உரிமையாளர், பிரதேச செயலாளரின் முன்கூட்டிய எழுத்துமூலச் சம்மதத்துடன் பகுதியைக் கைமாற்றலாம். அம்மா கைமாற்ற முடியாதவர், ஆகவே அவர் காலத்துக்குப் பிறகு அண்ணன் உரித்தடைந்து, அவர் கையால் உங்களுக்கு வயலில் பாதியும் மச்சாளுக்கோ அவர் மகனுக்கோ அரை ஏக்கரும் எழுதப்பட வேண்டும். பிரிக்கக்கூடிய மிகச்சிறிய அளவை அளிப்புப் பத்திரமே குறிப்பிடும். மேட்டுக்காணியின் அரை ஏக்கர் அதற்குள் அடங்குமா என்று காணி உத்தியோகத்தரிடம் இப்போதே கேளுங்கள். அடங்காவிட்டால், பிரிக்கப்படாத பங்காக எழுத இடமுண்டா என்று பார்க்க வேண்டும்.

அண்ணன் இன்று கையெழுத்திட்டுத் தரும் எந்த உறுதியும் காணியை மாற்றாது. பிரதேச செயலாளரின் சம்மதமில்லாத கைமாற்றம் செல்லாது என்பதால் நொத்தாரிசிடம் போய்ப் பணத்தை விடவேண்டாம். ஆனால் நில அளவையாளரைக் கொண்டு வாய்க்காலும் வேலியும் காட்டும் படம் ஒன்று வரைந்து, தந்தையின் ஒற்றையை இணைத்து, அதன்படி நடப்பேன் என்று அண்ணன் எழுதித் தரும் கடிதத்தை மத்தியஸ்த சபையில் பதிந்து, ஒரு பிரதியைப் பிரதேச செயலகக் கோப்பில் சேர்ப்பித்தால், நாளை சம்மதம் கேட்கும்போது அது மிகவும் உதவும். அண்ணன் பின்னுரித்தை ஏற்க மறுத்தால் எல்லோருக்கும் பிரியும் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். அது பிழை, மறுத்தால் காணி அட்டவணைப்படி இறங்குமே தவிர, தந்தையின் ஒற்றைப்படி இறங்காது.

அண்ணனிடம் தனியாகப் பேசும்போது ஒன்றைச் சொல்லுங்கள். பின்னுரித்தாளர் என்ற நியமனம் அவருக்கு மட்டும் உரியது. அம்மாவுக்கு முன் அவருக்கு ஏதும் நேர்ந்தால் அது அவர் மகனின் கைக்குத் தானாகப் போகாது. நான்கு ஏக்கரும் எங்களுடையது என்று வேலியைப் பிடுங்கச் சொல்லும் அந்தப் பிள்ளையின் கையில் இன்று சட்டப்படி எதுவுமில்லை. அவர் அப்பாவிடமும் இருப்பது ஒரு எதிர்பார்ப்பு மட்டுமே. இதை மிரட்டலாகச் சொல்லவேண்டாம், இடாப்பின் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, அம்மாவும் பக்கத்தில் இருக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, வெற்றுத்தாளிலோ முத்திரை ஒட்டிய தாளிலோ அம்மாவின் கைநாட்டை யார் கேட்டாலும் கொடுக்க விடாதீர்கள். வைத்தியத்துக்காக அவரை நீண்ட நாட்கள் வேறு ஊரில் தங்கவைக்க நேர்ந்தால், புறப்படும் முன் கிராம அலுவலருக்கும் பிரதேச செயலகத்துக்கும் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக ஒப்பம் வாங்கி வையுங்கள்.