கருவிழியைப் பதியலாமா?

கேள்வி: என் தாயார் முப்பது ஆண்டுகளாக முந்திரிக்கொட்டை உடைத்து வருகிறார். தோட்டு எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துத் தோலுரிந்துவிட்டதால், ரேஷன் கடையில் அவருக்கு ரேகை விழுவதில்லை. இப்போது கருவிழியைப் பதிகிறார்கள். அதனால் கண் கெடுமா? அந்தப் பதிவு வேறு யார் கைக்காவது போய்விடுமா?
- வாசகர், பண்ருட்டி

பதில்: கண் கெடும் என்ற பயம் வேண்டாம். அந்தக் கருவி, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியை மிகக் குறைந்த அளவில் வீசி, பாப்பாவைச் சுற்றியுள்ள படலத்தைப் படம் எடுக்கிறது. வெறும் கறுப்பாகத் தெரியும் நம் கண்களிலும் அந்த ஒளியில் இழையிழையாக வரிகள் துலங்கும். கருவிலேயே உருவாகும் அவ்வரிகள் இரட்டையருக்குள்ளும், ஏன், ஒருவருடைய இரு கண்களுக்குள்ளும்கூட வேறுபடும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஜான் டாக்மன் 1990களில் வகுத்த முறை, அவற்றை 0, 1 என்ற இலக்கங்களால் ஆன 2,048 பிட் கொண்ட குறியீடாக மாற்றுகிறது. ரேகையைத் தேய்த்த உழைப்பு கருவிழியைத் தொடாது என்பதால், உங்கள் தாயாருக்கு இது நல்ல மாற்றுவழியே.

உங்கள் இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. ஆதாருக்காக ஏற்கெனவே கொடுத்த பதிவோடு கடையில் எடுப்பது ஒப்பிடப்படுகிறது. கைரேகையையும் கருவிழிப் பதிவையும் எக்காரணம் கொண்டும் எவரோடும் பகிரக் கூடாது என்கிறது 2016ஆம் ஆண்டு ஆதார் சட்டத்தின் 29ஆம் பிரிவு. ஆனால் சட்டத்தை மட்டும் நம்பி இருந்துவிட முடியாது. கடவுச்சொல் களவு போனால் மாற்றிக்கொள்ளலாம். கண்ணை எப்படி மாற்றுவது? 2017இல் ஜெர்மனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்ற ஹேக்கர்கள் அமைப்பு, சற்றுத் தொலைவிலிருந்து ஒருவர் கண்ணைச் சாதாரணக் கேமராவில் படமெடுத்து, தாளில் அச்சிட்டு, அதன்மேல் ஒரு கான்டாக்ட் லென்ஸை வைத்தே, கருவிழியைக் காட்டித் திறக்கும் சாம்சங் கேலக்ஸி எஸ்8 கைபேசியைத் திறந்து காட்டியது. கென்யாவில் வேர்ல்ட்காயின் நிறுவனம் மின்னணு நாணயம் தருவதாகச் சொன்னதும் மக்கள் வரிசையில் நின்று கருவிழியைப் பதிந்தார்கள். 2023 ஆகஸ்டில் அந்நாட்டு அரசு அதை நிறுத்திவைத்தது. பணத்துக்காகவோ பரிசுக்காகவோ கருவிழியைக் கேட்பவர் யாராயினும் மறுத்துவிடுங்கள் என்று உங்கள் தாயாரிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் செய்யலாம். ஆதாருடன் கைபேசி எண் இணைந்திருந்தால், ஆதார் இணையதளத்தில் கைரேகை, கருவிழிப் பதிவுகளைப் பூட்டிவைக்க வசதி உண்டு. பூட்டியிருக்கும்போது ரேஷன் கடைக் கருவியும் ஏற்காது என்பதால், பொருள் வாங்கும் நாளில் தற்காலிகமாகத் திறந்துகொள்ள வேண்டும். அதை மாதந்தோறும் அவருக்காக நீங்களே செய்துகொடுங்கள்.