வந்த நாளை எழுதி வையுங்கள்: விளையாட்டுச் சட்ட மூட் கேள்வி-பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் விளையாட்டு நடுவர் மன்ற மூட் பற்றியவை; அதாவது, சுவிட்சர்லாந்தின் லொசானில் இருக்கும் விளையாட்டு நடுவர் மன்றத்தின் (சி.ஏ.எஸ்.) விதிகளை வைத்துச் சட்ட மாணவர்கள் வாதாடும் மாதிரி வழக்குப் போட்டி. சேலம், ஆத்தூர், மேட்டூர் என்று மூன்று நான்கு அணிகள் ஒரே நேரத்தில் மெமோ (எழுத்து வாதம்) எழுதிக்கொண்டிருப்பது தெரிகிறது. மனசுக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் ஒன்று. எந்தப் பக்கம் வாதாடுகிறீர்கள், எந்த விளையாட்டு, எந்த அமைப்பின் முடிவை எதிர்க்கிறீர்கள் என்ற மூன்றையும் எழுதாமல் கேள்வி அனுப்பினால் நான் ஊகித்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

கேள்வி: கூட்டமைப்பின் முடிவு வீரருக்கு மார்ச் 3 அன்று வந்து சேர்கிறது. அவருடைய வக்கீல் சேலத்தில் இருக்கிறார். 25-ம் தேதி அதிகாலை 1 மணிக்கு மேல்முறையீட்டை அனுப்புகிறார். அப்போது லொசானில் இன்னும் 24 இரவு எட்டரைதான். கெடுவுக்குள் வந்துவிட்டோம் என்று வாதாடலாமா? (அஸ்தம்பட்டி)

வாதாடினால் தோற்பீர்கள். முடிவு கையில் கிடைத்த மறுநாளிலிருந்து எண்ணுங்கள்; 21-வது நாள் மார்ச் 24. மன்றத்தின் விதி ஆர்32 நள்ளிரவைக் கணக்கிடுவது அனுப்புகிறவரின் ஊர் நேரப்படி. வக்கீல் வைத்திருந்தால் வக்கீலின் ஊர். ஆக, 24 விடுமுறை நாளாக இல்லாவிட்டால் சேலத்து நள்ளிரவோடு கதவு சாத்தப்பட்டது. மற்றக் கெடுக்களை நீட்டிக்கக் கேட்கலாம். மேல்முறையீட்டு மனுவுக்கான கெடுவை மட்டும் நீட்டிக்க முடியாது. இன்னொன்று: ஆர்49 சொல்லும் 21 நாள், கூட்டமைப்பின் விதியில் வேறு கெடு இல்லாதபோதுதான். முதலில் அந்த விதியைத் திறந்து பாருங்கள்.

கூடவே ஒரு தப்பை நிறைய மெமோக்களில் பார்க்கிறேன். விரிவான வாதவுரையை மனு போட்ட நாளிலிருந்து 10 நாளுக்குள் தர வேண்டும் என்று எழுதுகிறார்கள். அப்படி இல்லை. மேல்முறையீட்டுக் கெடு முடிந்த நாளிலிருந்து 10 நாள். உங்கள் கணக்கில் ஏப்ரல் 3. அதைத் தவறவிட்டால் மேல்முறையீட்டையே திரும்பப் பெற்றதாக எடுத்துக்கொள்வார்கள். வந்த நாளை எழுதி வையுங்கள் என்று ஒவ்வொரு மாதமும் சொல்கிறேன். இந்த மாதமும் சொல்கிறேன்.

கேள்வி: மூட் பிரச்சினையில் விசாரணை பாரிஸில் நடக்கிறது. அப்போது பிரெஞ்சு நடுவர்மன்றச் சட்டம்தானே பொருந்தும்? (ஏற்காடு)

இல்லை. நாற்காலி எங்கே போட்டாலும் சி.ஏ.எஸ். வழக்குக்குச் சட்டப்படியான இருப்பிடம் லொசான்தான். ஒலிம்பிக் சமயத்துத் தற்காலிகப் பிரிவுக்கும் அதுவே. ஆகவே சுவிஸ் சர்வதேசத் தனியார் சட்டத்தின் 12-ம் அத்தியாயம்.

கேள்வி: விநேஷ் போகாட் தீர்ப்பை மேற்கோள் காட்டினால் எங்கள் வாதம் வலுக்குமா? எங்கள் பிரச்சினையில் கால்பந்து வீரருக்கு இரண்டு மாதச் சம்பள பாக்கி. அவர் கிளப்பை விட்டுக் கிளம்பிவிட்டார். (ஓமலூர்)

எந்தப் பக்கம் என்று எழுதவில்லை பாருங்கள். எந்தப் பக்கமானாலும் விநேஷ் வழக்கு உங்களுக்குப் பயன்படாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 கிலோ மல்யுத்தப் பிரிவு இறுதிப் போட்டி நாள் காலையில் அவர் எடை 100 கிராம் கூடியிருந்தது. எடை விதி இரண்டு நாளுக்கும் பொருந்தும், அதில் சலுகைக்கு இடமில்லை என்று ஒற்றை நடுவர் ஆகஸ்ட் 14 அன்று மனுவைத் தள்ளுபடி செய்தார். அதை ஒப்பந்த முறிவு வழக்கில் கொண்டுவந்து வைத்தால், பெயர் தெரிந்த வழக்கு என்பதால் வைத்தீர்கள் என்று நடுவர்களுக்கு உடனே புரிந்துவிடும்.

நீங்கள் எடுக்க வேண்டியது ஃபிஃபாவின் வீரர் இடமாற்ற விதிகளில் 14பிஸ், அதாவது சம்பள பாக்கிக்காக வீரர் ஒப்பந்தத்தை முறிக்க வழி தரும் பிரிவு. குறைந்தது இரண்டு மாதச் சம்பளம் பாக்கி இருக்க வேண்டும். கிளப்புக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து 15 நாள் அவகாசம் விட வேண்டும். உங்கள் வீரர் நோட்டீஸ் கொடுத்தாரா? நீங்கள் எழுதியதில் அது இல்லை. கொடுக்கவில்லை என்றால் 14-ம் பிரிவின் பொதுவான நியாயமான காரணத்துக்குள் நின்று வாதாட வேண்டும். அது கொஞ்சம் கடினமான பாதை, ஆனால் மூடிய பாதை இல்லை.

கேள்வி: எங்கள் ஓட்டக்காரி தெரியாமல்தான் அந்த மாத்திரையைச் சாப்பிட்டாள். கோச்தான் கொடுத்தார். குற்றமே இல்லை என்று வாதாடலாமா? (ஆத்தூர்)

இரண்டு தனிக் கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறீர்கள். தடை செய்யப்பட்ட பொருள் உடம்பில் இருந்தாலே மீறல் நிரூபணம் ஆகிவிடும். உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதித்தொகுப்பின் (கோடு) 2.1-ம் பிரிவு அவ்வளவுதான் கேட்கிறது. தெரிந்தா தெரியாமலா என்பது தண்டனைக் காலத்துக்கான பேச்சு. அது 10-ம் பிரிவில் வருகிறது.

அங்கே போனதும் முதலில் பார்க்க வேண்டியது என்ன பொருள் என்று. அனபாலிக் ஸ்டீராய்டு போல, ‘குறிப்பிட்ட பொருள்’ (ஊக்கத்துக்காக அல்லாமல் வேறு காரணத்துக்காக உடம்புக்குள் போக வாய்ப்பு அதிகம் என்று பிரித்து வைத்தவை) பட்டியலில் இல்லாததென்றால் தொடக்கமே 4 ஆண்டு. வேண்டுமென்றே செய்யவில்லை என்று நிரூபிக்கும் சுமை ஓட்டக்காரி மேல். குறிப்பிட்ட பொருளென்றால் 2 ஆண்டிலிருந்து தொடங்கும். அதை 4 ஆக்க வேண்டுமானால் வேண்டுமென்றே செய்தாள் என்று அமைப்புதான் நிரூபிக்க வேண்டும். கோச் கொடுத்தார் என்பதை வைத்து முழுத் தவறின்மை கேட்காதீர்கள். சொந்தப் பயிற்சியாளர் சொல்லாமல் கொடுத்தாலும் அது பொருந்தாது என்று கோடின் விளக்கவுரையே சொல்கிறது. பெரிய தவறில்லை என்று கேளுங்கள். தண்டனை பாதி வரை குறையலாம்; குறிப்பிட்ட பொருளென்றால் வெறும் கண்டனம் வரைகூடக் குறையலாம். அதற்கும் பொருள் எப்படி உள்ளே போனது என்று காட்ட வேண்டும். மருந்துக்கடை பில், மீதி மாத்திரை, பேட்ச் எண் இவற்றில் ஏதாவது ஒன்று இணைப்பில் இருக்கும்; இணைப்புகளைப் படித்தீர்களா? அப்புறம் அவள் வயது. 16 நிரம்பாதவள் என்றால் பாதுகாக்கப்பட்ட நபர். பொருள் வந்த வழியைக் காட்டும் கட்டாயம் அவளுக்கு இல்லை, கணக்கே மாறிவிடும்.

கேள்வி: மாவட்ட கபடி அணித் தேர்வில் என் மகனை விட்டுவிட்டார்கள். லொசானுக்குப் போகலாமா? (வாழப்பாடி)

முடியாது, ஐயா. அந்தச் சங்கத்தின் விதியிலேயே சி.ஏ.எஸ். மேல்முறையீடு எழுதியிருக்க வேண்டும், உள்வழிகள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். மாவட்டச் சங்கங்களின் விதியில் அப்படி ஒன்றை நான் கண்டதில்லை. சங்கத்திடம் எழுத்தில் முறையிட்டு, பதில் வந்த நாளைக் குறித்துக்கொண்டு, உள்ளூர் வக்கீலைப் பாருங்கள்.

கேள்வி: சுவிட்சர்லாந்தில் நடக்கும் விளையாட்டு வழக்கை சேலத்தில் உட்கார்ந்து ஏன் படிக்க வேண்டும்? ஜாமீன் மனு எழுதக் கற்றுக்கொண்டால் சோறு போடும். மூட் எல்லாம் சென்னை, பெங்களூர் பிள்ளைகளுக்கு. (சூரமங்கலம், ஒரு மாணவரின் தந்தை)

ஐயா, உங்கள் கவலை நியாயமானது. ஜாமீன் மனுவும் கற்றுக்கொள்ளட்டும். ஆனால் இந்தக் கேள்வியை நான் சாதாரணமாகக் கடந்து போக முடியாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழை நாள் சாயங்காலம், காந்தி ஸ்டேடியத்தில் ஓடிப் பழகிய ஒரு பெண்ணும் அவள் அப்பாவும் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். அப்பா தறி ஓட்டுகிறவர். ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் உறையிலிருந்து நாலாக மடித்த ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். இரண்டு பக்கம், ஆங்கிலம். போட்டிகளில் பங்கேற்கத் தடை. முதல் பக்கத்தின் மடிப்பு நைந்து போயிருந்தது, அத்தனை பேரிடம் காட்டியிருக்கிறார்கள். இரண்டாம் பக்கம் புதிதாகவே இருந்தது. மேல்முறையீட்டுக்கான கெடு அந்த இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பத்தியில் இருந்தது. கடிதத்தில் போட்டிருந்த தேதியிலிருந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. எப்போது கைக்கு வந்தது என்று கேட்டேன். ஆடிப்பெருக்கு சமயம் இருக்கும் என்றார். உறையைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். சங்கத்தில் ஒருவர், “பெரிய இடத்து விஷயம், நான் பேசிக்கொள்கிறேன்” என்று சொல்லியிருக்கிறார். அதை நம்பிக் காத்திருந்திருக்கிறார்கள். தாமதத்தை மன்னிக்கக் கேட்டு எழுதினேன். ஏற்கவில்லை. அவள் பக்கம் நியாயம் இருந்ததா இல்லையா என்று யாரும் பார்க்கவே இல்லை.

புதுக்கோட்டை மாவட்டத்து சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கியதும், பாலினச் சோதனைக்குப் பிறகு அது பறிக்கப்பட்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். அந்த விவகாரம் லொசான் படியேறவே இல்லை. எட்டு வருஷம் கழித்து ஒடிசா ஓட்டக்காரி துத்தீ சந்த் காமன்வெல்த் போட்டி அணியிலிருந்து நீக்கப்பட்டார்; அவர் உடம்பில் இயல்பாகச் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் பெண்களுக்கான விதி வைத்த வரம்பைத் தாண்டியது என்பது காரணம். அவர் மேல்முறையீடு செய்தார். கனடா வக்கீல்கள் கட்டணம் வாங்காமல் வாதாடினார்கள். 2015 ஜூலையில் சி.ஏ.எஸ். உலகத் தடகளக் கூட்டமைப்பின் அந்த விதியையே இரண்டு ஆண்டுகளுக்கு நிறுத்தி வைத்தது. 2016-ல் அவர் ரியோவில் ஓடினார். 2006-ல் விதி வேறு, காலம் வேறு. சாந்தி போயிருந்தால் வென்றிருப்பார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் தரப்பைச் சொல்ல ஒரு மேடை கிடைத்திருக்கும்.

செலவைப் பற்றியும் தப்பான பயம் இருக்கிறது. சர்வதேசக் கூட்டமைப்பு எடுத்த ஒழுங்கு நடவடிக்கை மேல் போகும் மேல்முறையீட்டில் நடுவர்களின் செலவை மன்றமே ஏற்கிறது. கட்ட வேண்டியது 1,000 சுவிஸ் ஃபிராங்க், நம் பணத்தில் சுமார் ஒரு லட்சம். வக்கீல் வைக்க வசதி இல்லாத வீரர் சட்ட உதவிக்கு விண்ணப்பிக்கலாம். இதெல்லாம் தெரிந்த ஒரு வக்கீல் நம் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பெரியவடகம்பட்டியிலிருந்து மாரியப்பன் வந்தார், சின்னப்பம்பட்டியிலிருந்து நடராஜன் வந்தார். வீரர்கள் நம் கிராமங்களிலிருந்து வந்துகொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்கு வரும் கடிதத்தைப் படிக்கிறவர்கள் மட்டும் ஏன் சென்னையில் இருக்க வேண்டும்? மூட்டில் ஒருமுறை கெடுப் பிரச்சினையை வாதாடிய பிள்ளை, பிற்பாடு யார் கடிதம் கொண்டுவந்தாலும் இரண்டாம் பக்கத்தைத்தான் முதலில் திருப்பும். உங்கள் மகனைப் போகச் சொல்லுங்கள், ஐயா.

கேள்வி: ஏ.ஐ. செயலியில் கேட்டு ஆறு தீர்ப்புகள் எடுத்தோம். அதில் நான்கு சி.ஏ.எஸ். தளத்தில் கிடைக்கவில்லை. ரகசியத் தீர்ப்புகளாக இருக்குமா? (மேட்டூர்)

அநேகமாக இல்லாத தீர்ப்புகள். நான்கையும் இன்றைக்கே நீக்குங்கள். மீதி இரண்டையும் முழுதாகப் படித்துவிட்டு வையுங்கள். எண்ணைப் படிக்கத் தெரிந்தாலே பாதிப் பொய் அகப்படும். துத்தீ சந்த் வழக்கு சி.ஏ.எஸ். 2014/ஏ/3759. இதில் முதலில் இருப்பது ஆண்டு. ஏ என்றால் மேல்முறையீடு, ஓ என்றால் சாதாரண நடைமுறை, ஓ.ஜி. என்றால் ஒலிம்பிக். கால்பந்து இடமாற்ற மேல்முறையீட்டுக்கு ஓ.ஜி. எண் போட்டிருந்தால் அங்கேயே சந்தேகப்பட வேண்டாமா? படிக்காத தீர்ப்பை மேற்கோள் காட்டாதீர்கள். போன மாதமும் இதையே எழுதினேன்.

கேள்வி: பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். நடுவர் குறுக்கே கேள்வி கேட்டால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. என்னை ரிசர்ச்சராக மட்டும் இருக்கச் சொல்கிறார்கள். (செவ்வாய்பேட்டை)

கண்ணு, ரிசர்ச்சர் வேலை தாழ்ந்ததில்லை. ஆனால் ஆங்கிலத்துக்குப் பயந்து அதை எடுத்துக்கொள்ளாதே. சி.ஏ.எஸ்.ஸின் மொழிகள் ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ். அங்கே வாதாடுகிறவர்களில் எத்தனையோ பேருக்கு ஆங்கிலம் தாய்மொழி இல்லை. அவர்கள் சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுகிறார்கள்.

என்னிடம் பழகிய ஒரு பெண்ணுக்கு இதே சிக்கல். வழக்கின் சங்கதியை முதலில் உன் பாட்டிக்குச் சொல்வது போல் தமிழில் சொல் என்றேன். ஒன்றரை நிமிஷத்தில் சொல்லி முடித்தாள், ஒரு தேதி தப்பவில்லை. அதை ஏழு ஆங்கில வாக்கியமாக எழுதி, ஒவ்வொன்றையும் ஒரே மூச்சில் சொல்லும் அளவுக்கு வெட்டினோம். கேள்வி வந்தால் முதல் சொல் ஆம் அல்லது இல்லை, அடுத்தது பத்தி எண், அப்புறம் காரணம். அந்த வருஷம் நடுவர்கள் அதிகம் கேள்வி கேட்டது அவளைத்தான். பதில் கிடைக்கிற இடத்தில்தான் நடுவர்கள் கேட்பார்கள். உன் அணியிடம் ஒரு பயிற்சிச் சுற்று பேச வாய்ப்புக் கேள்.

கேள்வி: கீழ் அமைப்பு எங்கள் வீரரை விசாரிக்கவே இல்லை. அந்த ஒன்றை வைத்தே முடிவை ரத்து செய்யக் கேட்கலாமா? (நாகலூர்)

அதை மட்டும் நம்பாதீர்கள். ஆர்57-ன்படி சி.ஏ.எஸ். சங்கதியையும் சட்டத்தையும் புதிதாக விசாரிக்கிறது. கீழே நடந்த குறை பெரும்பாலும் அதிலேயே தீர்ந்துவிட்டதாகச் சொல்லிவிடுவார்கள். தண்டனையின் அளவு பற்றிய வாதத்தைத் தயாராக வைத்திருங்கள்.

கேள்வி: சி.ஏ.எஸ். தீர்ப்பே தப்பென்றால்? (ஓமலூர்)

30 நாளுக்குள் சுவிஸ் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம். தப்பு என்பது மட்டும் போதாது. மன்றம் அமைந்த விதம், அதிகார வரம்பு, கேட்டதற்கு மேலோ குறைவாகவோ தீர்த்தல், சமமாகக் கேட்கப்படும் உரிமை, பொதுக் கொள்கை ஆகிய ஐந்தில் ஒன்றில் விழ வேண்டும். சீன நீச்சல் வீரர் சுன் யாங் தீர்ப்பு நடுவரின் ட்விட்டர் பதிவுகளால் ரத்தானதும் மன்றம் அமைந்த விதம் பற்றியதுதான்; ஆனால் அது பிற்பாடு தெரியவந்த சங்கதியை வைத்துக் கேட்ட மறுஆய்வு மனுவில். மறுவிசாரணையில் அவருடைய 8 ஆண்டுத் தடை 4 ஆண்டு 3 மாதமாகக் குறைந்தது. பொதுக் கொள்கையை வைத்து வெல்வது அபூர்வம். அப்படி வென்ற பிரேசில் கால்பந்து வீரர் மாத்துசலெமின் 2012 தீர்ப்பைப் படியுங்கள்.

கேள்வி: மெமோவை இணைத்திருக்கிறோம். திருத்தித் தர முடியுமா? (ஆத்தூர்)

முடியாது. திறக்காமல் திருப்பி அனுப்பிவிட்டேன். அநேகமாக எல்லா மூட் விதிகளிலும் வெளி உதவிக்கு வரம்பு இருக்கிறது. மாட்டினால் அணியையே நீக்கிவிடுவார்கள். பொதுவான சந்தேகத்தைக் கேளுங்கள், பதில் சொல்கிறேன். அப்புறம், உங்கள் மின்னஞ்சலிலேயே சமர்ப்பிக்க வேண்டிய தேதி இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருக்கிறது. போட்டி விதியைத் திறந்து எது சரியென்று இன்றே பாருங்கள்.