சூரை மீனும் கிராஃபீனும்: கேள்வி பதில்

ரேடியோ, மைக்ரோவேவ் அலைகளில் இயங்கும் கிராஃபீன் சென்சர் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று நம்ம மாவட்டத்து ஆட்களிடம் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சில.

தக்கலை, பொறியியல் மாணவி: அக்கா, கிராஃபீனுக்கும் மைக்ரோவேவுக்கும் என்ன சம்பந்தம்?

குடம் நிறைய நிறைய ஓசை மாறுமே, அதுபோலத்தான். செம்பில் வரைந்த சிறு வளையம் கிகாஹெர்ட்ஸ் அளவிலான குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணில் ஒத்ததிரும். பக்கத்திலுள்ள திரவம் மாறினால் அந்த அதிர்வெண் நகரும். வளையத்தின் இடைவெளியில் கிராஃபீன் வைத்தால் இன்னொரு சேதியும் கிடைக்கும். கிராஃபீன் என்பது ஒரே அணு கனமுள்ள கரித்தாள். அதன் எல்லா அணுவும் மேற்பரப்பில்தான். மின்னூட்டமுள்ள மூலக்கூறு வந்து உட்கார்ந்தால் மின்தடை மாறும். ஒத்ததிர்வின் ஆழமும் அகலமும் மாறும். 2004-ல் மான்செஸ்டரில் கெய்மும் நோவோசெலோவும் ஒட்டுநாடாவால் கிராஃபைட்டை உரித்து எடுத்த அதே பொருள்தான்.

தூத்தூர், ஆழ்கடல் மீனவர்: சூரையில ஹிஸ்டமின் ஏறிருக்கான்னு போட்டுலயே பாக்க முடியுமா?

இந்த வேலைக்கு நான் வந்ததே இப்படிப்பட்ட கேள்விகளுக்காகத்தான் அண்ணா. ஐஸ் போடத் தாமதமானால் பாக்டீரியா மீனிலுள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை, சாப்பிட்டவருக்கு ஒவ்வாமை போன்ற தொல்லை தரும் ஹிஸ்டமினாக மாற்றிவிடும். சமைத்தாலும் அது போகாது. ஆனால் வெறும் கிராஃபீனுக்கு ஹிஸ்டமினைத் தெரியாது. மீன் சாற்றிலுள்ள புரதம், கொழுப்பு எல்லாம் அதில் ஒட்டும். ஆளைத் தெரிந்து பிடிக்க ஆன்டிபாடியோ, ஆப்டமர் என்கிற டி.என்.ஏ. இழையோ அதன்மேல் கட்டவேண்டும். ஹிஸ்டமின் ரொம்பச் சிறியது, தனியாக வந்து உட்கார்ந்தால் பெரிய மாற்றம் தெரியாது. ஆப்டமர் அதைப் பிடித்ததும் மடங்கினால், மின்னூட்டமுள்ள அந்த இழையே இடம் மாறும்; அதைத்தான் நாம் பார்க்கிறோம். இந்தச் சென்சர் போட்டுக்கு வந்து சேரும்வரை, பிடித்த உடனே ஐஸ் போடுவதை விட்டுவிடாதீர்கள்.

நாகர்கோவில், லேப் டெக்னீசியன்: ரத்தத்தில் உப்பு இருக்கே, சிக்னல் கெடாதா மேடம்?

இந்தத் துறையின் கழுத்தைப் பிடிக்கும் சிக்கல் இதுதான். ரத்தத்தின் உப்பு அளவில், ஒரு மின்னூட்டத்தைச் சுற்றி அயனிகள் கூடி ஒரு நானோமீட்டருக்குள்ளேயே மறைத்துவிடும். ஆன்டிபாடியோ ஏறக்குறைய பத்து நானோமீட்டர், அது பிடித்த மூலக்கூறு அந்த அயனித் திரைக்கு அப்பால் நின்றுவிடும். நேர்மின்னோட்டத்தில் அளக்கும் கிராஃபீன் டிரான்சிஸ்டர் அதனால் திணறும். ரத்தத்தை நீர்க்கவைத்தே பார்ப்பார்கள். மின்புலத்தை வேகமாக மாற்றினால் அயனிகளால் கூடவே ஓட முடியாது, திரை விலகும். உயர் அதிர்வெண்ணை நான் நம்புவது இதனால்தான். ஆனால் உப்புநீர் மைக்ரோவேவை விழுங்கவும் செய்யும். அதனால் மயிரிழைக் கால்வாயில் துளியளவு திரவமே விடுகிறோம்.

மணவாளக்குறிச்சி: நம்ம கருமணல்ல இருந்து கிராஃபீன் எடுக்கலாமா?

முடியாது. அதில் இருப்பது இல்மனைட், ரூட்டைல், சிர்கான், மோனசைட். கிராஃபீன் முழுக்கக் கார்பன்.

மார்த்தாண்டம், சர்க்கரை நோயாளி: குத்தாமலே சுகர் காட்டும் வாட்ச் வாங்கலாமா?

வாங்காதீங்க அம்மா. தோலின் வியர்வை, சூடு, அழுத்தம் எல்லாம் குளுக்கோஸ் தரும் மாற்றத்தை மூழ்கடித்துவிடும். தோலைத் துளைக்காமல் தானே சுகர் அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. மாத்திரை, இன்சுலின் அளவை அதை நம்பி மாற்றினால் உயிருக்கே ஆபத்து.

தக்கலை மாணவி மறுபடியும்: ப்ராஜெக்ட் எங்கிருந்து தொடங்கட்டும்?

கிராஃபீன் இல்லாமல் தொடங்கு மக்களே. சாதாரண சர்க்கியூட் போர்டில் வளையம் பொறித்து, முதலில் நல்ல தண்ணீரை அளந்து பார். அதன் மின்காப்பு எண் (dielectric constant) 20 டிகிரியில் ஏறக்குறைய 80, 25 டிகிரியில் 78. நீ தேடும் மூலக்கூறு தரும் மாற்றம் இதைவிடச் சிறியதாக இருக்கலாம். ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் வெப்பநிலையை எழுதி வை.